மரக்காம்பா, பைப் காம்பா? மண்வெட்டி வாங்கப் போகும் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே,

குழுவின் பொதுப்பணத்தில் கருவிகள் வாங்கி உறுப்பினர்களுக்கும் ஊராருக்கும் வாடகைக்கு விடலாம் என்று யோசிக்கும் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். களை எடுக்கும் இயந்திரம், விசைத்தெளிப்பான் என்று வரும்போது மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்பீர்கள், கூட்டம் போட்டுப் பேசுவீர்கள். மண்வெட்டி என்று வரும்போது மட்டும் பட்டியலின் கடைசியில் “மண்வெட்டி, இருபது உருப்படி” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் வருஷம் முழுக்க அதிகக் கைகளுக்குப் போகப்போவது அந்தக் கடைசி வரிதான். வரப்பு கழிக்க, வாய்க்கால் திருப்ப, வாழைக்குக் குழி எடுக்க, மஞ்சளுக்குப் பார் பிடிக்க, நூறு நாள் வேலைக்குக் கொண்டுபோக எல்லாவற்றுக்கும் அதுதான்.

கடைக்காரர் உங்களுக்கு இரண்டு வகை காட்டுவார். ஒன்று தகடு தனி, மரக்காம்பு தனி. இன்னொன்று இரும்பு பைப்பைத் தகட்டோடு வெல்டு அடித்து, நீலமோ சிவப்போ பெயின்ட் பூசித் தயாராக நிற்பது. “இது ஆடாது, கரையான் தின்னாது, ஆப்பு அடிக்கிற வேலையே இல்லை, காலத்துக்கும் கிடக்கும்” என்பார் அவர். அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனாலும் அவர் சொல்லாமல் விடுவது நிறைய இருக்கிறது. அதை எழுதத்தான் இந்த மடல். நான் மரக்கடை வைத்திருப்பவனும் இல்லை, இரும்புக்கடை வைத்திருப்பவனும் இல்லை. கைக்கருவிகளைப் பிடித்தும், பழுது பார்த்தும், அவற்றைப் பற்றி எழுதியும் வருகிறவன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓங்கி வெட்டும் கருவிக்கு மரக்காம்பு வாங்குங்கள். நெம்புகிற, அள்ளுகிற கருவிக்கு இரும்பு இருக்கட்டும். எந்தக் கருவியானாலும் கழற்றி மாற்ற முடியாத காம்பு போட்டதை வாங்காதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனிப் பார்ப்போம்.

முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். மேல்நாட்டுத் தோட்டங்களில் ‘ஸ்பேடு’ என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். தகடும் காம்பும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருக்கும். தகட்டின் தோளில் காலை வைத்து மிதித்து மண்ணுக்குள் இறக்கி, காம்பைப் பின்னால் சாய்த்து மண்ணைப் பெயர்ப்பார்கள். அங்கே காம்பு ஒரு நெம்புகோல். அதன் மேல் விழும் பாரம் முழுக்க வளைக்கிற பாரம். அதனால்தான் வேர் நிறைந்த, கல் நிறைந்த நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே இரும்புக் குழாய்க் காம்பைப் பரிந்துரைக்கிறார்கள். அந்த யோசனை அந்தக் கருவிக்குச் சரி.

நம் மண்வெட்டி அப்படிப்பட்டதல்ல. தகடு காம்புக்குக் குறுக்கே, உள்பக்கம் சாய்ந்து நிற்கிறது. தூக்கி, ஓங்கி, வெட்டி, தன் பக்கம் இழுக்கிறோம். இந்த நான்கும் சேர்ந்தால் ஒரு வெட்டு. தூக்கும்போது காம்பின் எடை கையில் நிற்கிறது. வெட்டும்போது தகடு மண்ணில் மோதுகிற அடி காம்பு வழியாக மணிக்கட்டுக்கு வருகிறது. ஸ்பேடு பிடிப்பவருக்கு இந்த இரண்டு தொல்லையும் குறைவு. மேல்நாட்டு யோசனையை அப்படியே எடுத்து நம் மண்வெட்டிக்குப் போட்டால், வலிக்கிற இடம் ஒன்றும் மருந்து தடவுகிற இடம் வேறொன்றுமாகப் போகும்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். “பைப் உள்ளே வெறும் காற்றுதானே, மரத்தைவிட லேசாகத்தான் இருக்கும்” என்று பலரும் நினைக்கிறார்கள். 32 மில்லிமீட்டர் குறுக்களவும் 1.6 மில்லிமீட்டர் சுவர்க்கனமும் உள்ள இரும்புக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ வரும். 35 மில்லிமீட்டர் கனமுள்ள, நன்றாகக் காய்ந்த கருவேலங்காம்பு ஒரு மீட்டருக்கு முக்கால் கிலோவை ஒட்டி நிற்கும். இரண்டரை அடிக் காம்பில் வித்தியாசம் ஏறத்தாழ 300 கிராம். சின்னத் தொகைதான். ஆனால் நிமிடத்துக்குப் பத்து வெட்டு என்று வைத்தாலும் மணிக்கு 600 தடவை அந்த 300 கிராமைத் தூக்குகிறீர்கள். கூட்டினால் 180 கிலோ. ஒரு மணி நேரத்தில் மூன்றரை மூட்டை சிமென்டைக் கூலியில்லாமல் தூக்கி வைத்த மாதிரி. தகட்டின் எடை மண்ணை வெட்ட உதவும். காம்பில் கூடுகிற எடை பெரும்பாலும் உங்கள் தோளைத்தான் வெட்டும்.

எடையைக் குறைக்கச் சில பட்டறைகள் மெல்லிய குழாயைப் போடுகின்றன. 1.2 மில்லிமீட்டர் சுவர் என்றால் எடை மரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அப்போது வேறு சிக்கல் வரும். தகட்டை ஒட்டிய இடத்தில் குழாய் நசுங்கி மடங்கும். மடங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்திய இடத்தில் பழைய பலம் திரும்பாது. அதே இடத்தில் மறுபடி மடங்கும், மூன்றாம் தடவை விண்டு போகும்.

அடுத்தது அடி. மேலே சொன்ன அளவில் குழாயையும் மரத்தையும் வளைத்துப் பார்த்தால் குழாய் சுமார் நான்கு மடங்கு விறைப்பு. நெம்புவதற்கு அந்த விறைப்பு நல்லது. சரளை மண்ணில் ஓங்கி வெட்டும்போது அதே விறைப்பு எதிரியாகிறது. தகடு ஒரு கூழாங்கல்லில் பட்டால் குழாய் கிணுகிணுவென்று அதிர்ந்து, அதிர்வை அப்படியே விரல்களுக்குக் கொண்டுவரும். மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மிச்ச அதிர்வை அதன் நார்கள் உள்ளேயே தின்றுவிடும். மென்மையான வண்டல் மண்ணில் வெட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. செம்மண் சரளையிலும், காய்ந்து கட்டி தட்டிய கரிசலிலும் அரைநாள் வெட்டினால் சாயங்காலம் சோற்றுக்குக் கை வைக்கும்போது தெரியும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். இரும்பு மரத்தைவிட இருநூறு மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். அக்னி நட்சத்திர நாளில் கஞ்சி குடிக்கக் கருவியை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டும் ஒரே வெயிலில் கிடந்திருந்தாலும் மரக்காம்பை உடனே பிடிக்க முடிகிறது, பைப்பைப் பிடிக்க முடிகிறதில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். சுற்றிப் பிடித்தால் பிடிமானம் போகும், பிடிமானம் போனால் வெட்டு தவறும். வியர்வையிலும் இதே கதைதான். பெயின்ட் பூசிய குழாயில் வியர்வை வழுக்கும். பூச்சு இல்லாத மரம் அதைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். குழாய்க்கு மேல் ரப்பர் உறை போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். உறை புதிதாக இருக்கும் வரை நல்லதுதான். பிறகு அதற்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடிக்கும்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வயல்களில் மோட்டார் கொட்டகையிலிருந்து கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் கேபிள்கள் மண்ணுக்குள் ஓடுகின்றன. சில இடங்களில் ஒரு சாண் ஆழத்தில்கூட இல்லை. வாய்க்கால் வெட்டும்போது தகடு கேபிளில் பட்டால், இரும்புக் காம்பு மின்சாரத்தை நேராகக் கைக்குக் கொண்டுவரும். காய்ந்த மரம் அதைப் பெருமளவு தடுக்கும். ஈர மரத்தை நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மரக்காம்பு இருக்கிறதே என்று மோட்டார் பக்கத்தில் அசட்டையாக வெட்டக் கூடாது. ஆனால் இரண்டில் ஒன்றைப் பொதுக் கருவியாக, இடம் தெரியாதவர் கையிலும் கொடுக்கப் போகிறோம் என்றால், மரத்தின் பக்கம் நிற்பதே நியாயம்.

இனி வெல்டு. நல்ல மண்வெட்டித் தகடு கரிமம் கூடிய எஃகு. அதைக் காய்ச்சிப் பதம் கொடுத்திருப்பார்கள். வெல்டு வைக்கிற இடத்தில் அந்தப் பதம் கலைந்து, வெல்டுக்கு ஓரத்தில் எஃகு நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். மண்வெட்டியில் ஒவ்வொரு அடியும் கூடுகிற இடமும் அதேதான். முதலில் மயிரிழை போல ஒரு கீறல் வரும். பெயின்டுக்கு அடியில் இருப்பதால் தெரியாது. ஒருநாள் வெட்டும்போது தகடு தனியே பறக்கும். மரக்காம்பும் உடையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒழுங்கான நார் உள்ள மரம் உடைவதற்கு முன்னால் நெறியும், சத்தம் கொடுக்கும், சிம்பு நீட்டும். கவனிக்கிறவருக்கு அவகாசம் கிடைக்கும்.

வெல்டினால் வரும் இன்னொரு நஷ்டம் பணத்தில் தெரியும். மண்வெட்டி வாய் தேய்கிற பொருள். தேய்ந்தால் கொல்லுப் பட்டறையில் காய்ச்சித் தட்டி வாய் எடுத்துத் தருவார்கள். ஒரு நல்ல தகடு இப்படிப் பல தடவை மறுபிறவி எடுக்கும். காம்பைக் கழற்றித் தகட்டை மட்டும் உலையில் வைப்பதுதான் அதற்கு வழி. நீண்ட குழாயோடு ஒட்டிய தகட்டை உலையில் திருப்பித் திருப்பித் தட்டுவது கொல்லருக்கு எளிதான காரியமில்லை. முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்போது தகட்டில் பாதி ஆயுள் மிச்சமிருந்தாலும் முழுக் கருவியும் பழைய இரும்புக்குப் போகும். டாடா அக்ரிகோ மாதிரியான பெரிய கம்பெனிகளின் தகடுகள்கூடக் காம்பில்லாமல்தான் பெரும்பாலும் கடைக்கு வருகின்றன. தகடு ஜாம்ஷெட்பூரிலிருந்து வரட்டும், காம்பு உள்ளூரில் பிடிக்கிறவர் கைக்கு ஏற்றபடி அமையட்டும் என்ற பழைய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் புத்தி இருக்கிறது.

“அப்படியானால் பைப் காம்பு ஏன் இவ்வளவு விற்கிறது?” என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மரம் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் மட்டமான குச்சி. நேற்று வெட்டிய தைலமரத்தையோ சவுக்கையோ பச்சையாகவே கடைசலில் உருட்டி, வழுவழுப்பாக்கி, வார்னிஷ் பூசிக் கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். வாங்கும்போது தகட்டுத் துளையில் இறுக்கமாக நுழையும். பத்து நாள் வெயிலில் பச்சை மரம் சுருங்கும், தகடு ஆடும். ஆடுகிற தகட்டை இறுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவோம். ஊறிய மரம் உப்பி, துளைக்குள் நசுங்கி, மறுபடி காயும்போது முன்னைவிட அதிகமாகச் சுருங்கும். கடைசியில் “மரமே இப்படித்தான்” என்று சலித்து பைப்புக்குப் போகிறோம். இரும்பு தன் குணத்தால் பாதி ஜெயித்தது, மரத்தை நாம் கெடுத்ததால் மீதி ஜெயித்தது.

அதனால் “மரக்காம்பு” என்று மட்டும் ஆர்டரில் எழுதினால் போதாது. எந்த மரம், எப்படிக் காய்ந்தது, நார் எப்படி ஓடுகிறது என்று மூன்றையும் கேளுங்கள்.

மரத்தில் முதல் இடம் கருவேலத்துக்கு. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நம் முன்னோர் தேர்ந்தெடுத்த மரம் அது. வைரம் பாய்ந்த பகுதி அடி தாங்கும், சீக்கிரம் பூச்சி அரிக்காது. வெள்வேல மரமும் நல்லது. வானம் பார்த்த பூமியில் வேலியோரம் தானாக வளரும் விடத்தலை கனமில்லாமல் குச்சி குச்சியாக வளரும். ஆனால் அதன் மரம் பிடிவாதமான உறுதி கொண்டது. கைத்தடிக்கும் காம்புக்கும் பேர்போனது. புளியங்கிளை கெட்டியானது, ஆனால் கனம் கூடுதல். சின்ன மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். உள்ளே பொத்தல் இல்லாத கல்மூங்கில் கிடைத்தால் நீளக் காம்புக்கு அதுவே லேசு. சீமைக்கருவேலம் உறுதியில் குறைந்ததல்ல, மூன்றடிக்கு நேராக ஒரு துண்டு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. தேக்கு விலை உயர்ந்தது என்பதற்காகக் காம்புக்கும் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கதவுக்கும் நிலைக்கும் அது ராஜா. ஓங்கி அடிக்கிற வேலைக்குக் கருவேலம் அதைவிட மேல்.

நார் பார்ப்பது எளிது. காம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நுனியிலிருந்து பாருங்கள். கோடுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறிப் போகிற கோடு இருந்தால், அந்தக் கோட்டில்தான் அது ஒருநாள் விண்டு போகும். பெரிய மரத்தை அறுத்து உருட்டிய காம்பில் இந்தக் குறை அதிகம். நேராக வளர்ந்த கிளையைச் சீவிச் செய்த காம்பில் குறைவு, ஏனென்றால் அதில் நார் மரத்தின் போக்கிலேயே இருக்கிறது. தகட்டுத் துளையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கணு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அல்லது கெட்டியான வார்னிஷ் பூசியதையும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் வெடிப்பை மறைக்கத்தான் அது அதிகம் உதவுகிறது. கையில் கொப்புளம் வருவதற்கும் காரணமாகிறது.

காய வைப்பதில் நீங்களே இறங்கலாம். தை, மாசியில் கிளை கழிக்கும்போது நல்ல துண்டுகளை எடுத்துத் தோல் சீவி, இரண்டு முனைகளிலும் சாணம் குழைத்துப் பூசி, நிழலில், காற்றோட்டமாக, தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். முனைகள் வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் மரம் வெடிக்கும். சாணம் அந்த வேகத்தைக் குறைக்கும். சில மாதம் பொறுத்தால் கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத காம்பு உங்கள் கையில் இருக்கும். புறம்போக்கில் நிற்கும் மரத்தில் கை வைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது.

பூட்டும்போது காம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துளைக்கு ஏற்றபடி சீவி, தட்டி நுழைத்து, காய்ந்த கட்டையால் ஆப்பு அடிக்க வேண்டும். ஆப்பு எந்தப் பக்கம் அமர்கிறது என்பதைப் பொறுத்துத் தகட்டின் சாய்வு கொஞ்சம் மாறும். பார் பிடிக்கிறவருக்குத் தகடு உள்ளே சாய்ந்திருந்தால் இழுக்கச் சுகம். குழி வெட்டுகிறவருக்குக் கொஞ்சம் விரிந்திருந்தால் மண்ணில் ஆழமாக இறங்கும். வெல்டு அடித்த மண்வெட்டியில் பட்டறைக்காரர் முடிவு செய்த ஒரே சாய்வுதான். உயரமானவர், குள்ளமானவர், களிமண், மணல் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பும் பெரிய வித்தையல்ல. மழைக்கு முன் ஒரு தடவை, அறுவடைக்குப் பின் ஒரு தடவை காம்பை மணல்தாளால் தேய்த்து எண்ணெய் தடவுங்கள். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் போய் இறுகிக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய் போதும், கரையானும் கிட்டே வர யோசிக்கும். மண்வெட்டியைத் தரையில் சாய்த்து வைக்காமல் சுவரில் முளை அடித்துத் தொங்கவிட்டால் கரையான் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. காம்பு உடைவதற்கு முக்கியக் காரணம் வேறொன்று. களியில் சிக்கிய தகட்டையும் வேரில் மாட்டிய தகட்டையும் காம்பைத் தூக்கி நெம்பி எடுக்கிறோம். அந்த வேலை கடப்பாரையுடையது. இருபது மண்வெட்டி வாங்கும் குழு இரண்டு கடப்பாரையும் சேர்த்து வாங்கினால் காம்பு உடைவது பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம்.

மரமா இரும்பா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காம்பின் நீளம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கீரைத்தோட்டங்களிலும் பீட்கிழங்கு வயல்களிலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளிகளுக்குக் குட்டைக் காம்பு போட்ட களைக்கொத்துதான் கொடுத்தார்கள். குனிந்தே வேலை செய்ய வேண்டும். யார் நிமிர்ந்து ஓய்வெடுக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும் என்பதும் முதலாளிகளுக்கு ஒரு வசதி. வருஷக்கணக்கில் குனிந்து முதுகெலும்பு தேய்ந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பற்ற கைக்கருவிகளைத் தடுக்கும் விதிக்குள் அந்தக் குட்டைக் களைக்கொத்தும் வரலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அங்கே நீளக் காம்பு வந்தது. விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை.

நமக்கு அப்படி ஒரு வழக்கு தேவையில்லை, ஒரு ரம்பம் போதும். மரக்காம்பின் பெரிய வசதியே அதுதான். நீளமாக வாங்கி, பிடிக்கிறவர் நின்று பார்த்து, வேண்டிய இடத்தில் அறுத்துக்கொள்ளலாம். கடைகளில் இருக்கும் நீளமும் கனமும் பெரும்பாலும் ஆண் கையை மனதில் வைத்தவை. ஆனால் நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள்தான் பெரும்பகுதி. கனத்துக்கு ஒரு சோதனை உண்டு. காம்பைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாவிட்டால் கை இறுக்கிப் பிடித்தே களைத்துப்போகும். மரத்தை நான்கு இழுப்பு சீவினால் சரியாகிவிடும். குழாயைச் சீவ முடியாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும், கோவையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகமும் இந்திய உழைப்பாளிகளின், குறிப்பாகப் பெண்களின் உடலளவுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சியைச் செய்து வருகின்றன. அவர்கள் சோதனைச்சாலையில் செய்வதை உங்கள் குழுக் கூட்டத்திலும் செய்யலாம். உயரமான ஒருவர், நடுத்தர உயரமுள்ள ஒருவர், குள்ளமான ஒருவர் என மூன்று பேரை வெட்டச் சொல்லிப் பார்த்து மூன்று நீளங்களை முடிவு செய்யுங்கள். காம்பின் முனையில் மூன்று நிறத்தில் ஒரு வளையம் தீட்டிவிட்டால் வாடகைக்கு எடுப்பவர் தனக்குரியதைத் தானே எடுத்துக்கொள்வார்.

இரும்புக்கு உரிய இடத்தையும் கொடுக்க வேண்டும். கடப்பாரை இரும்புதான். ஜல்லியும் மணலும் அள்ளுகிற ஷவலுக்குக் குழாய்க் காம்பு இருக்கலாம், அங்கே ஓங்குகிற வேலை இல்லை. சாக்கடை வாருகிற கருவிக்கும் அதுவே சரி. அது எந்நேரமும் நனைந்தே கிடக்கும், கழுவ வேண்டும். மண்வெட்டியிலேயே பைப் வேண்டும் என்று சிலர் விடாப்பிடியாக இருந்தால் இரண்டு மூன்று வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வெல்டு அடித்ததை வாங்காமல், தகட்டுத் துளைக்குள் குழாய் நுழைந்து போல்ட்டால் இறுகுவதாகப் பார்த்து வாங்குங்கள். குழாயின் மேல்முனைக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். இன்னொன்று, இரும்புக் காம்புக்குப் பழைய இரும்புக்கடையில் விலை உண்டு. பூட்டில்லாத கொட்டகையில் வைக்கும் குழுக்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் அது மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. வாங்கிய விலையோடு மூன்று வருஷத்துக்கு ஆகக்கூடிய காம்பு மாற்றுச் செலவையும், வாய் எடுக்கும் கூலியையும், வெல்டு வைக்கும் கூலியையும் சேர்த்து, மூன்று வருஷ முடிவில் கையில் உருப்படியாக என்ன மிச்சமிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். மரக்காம்பு போட்ட மண்வெட்டியில் தகடு மிச்சமிருக்கும். வெல்டு அடித்ததில் பெரும்பாலும் எடைக்குப் போடும் இரும்புதான் மிச்சமிருக்கும். மரக்காம்புக்குச் செலவழிக்கும் பணம் உள்ளூர்த் தச்சருக்கும் கொல்லருக்கும் போகிறது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் பட்டறையை மூடிவிட்டால் நாளைக்கு வாய் எடுக்கவும் ஆள் இருக்காது.

இதையெல்லாம் தனி ஆளாக ஒரு மண்வெட்டி வாங்கப் போகிறவர் கடையில் பேச முடியாது. “இருக்கிறதை எடுத்துக்கங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்களால் முடியும். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, தனியாகப் போனால் கடன் கிடைக்காத பெண்கள் சேர்ந்து போனால் வங்கி கதவைத் திறக்கும் என்பதுதான் அடிப்படையாக இருந்தது. வங்கியில் நிரூபித்ததைக் கருவிக் கடையிலும் நிரூபிக்கலாம். இருபது, முப்பது காம்பு ஒரே ஆர்டரில் வேண்டும், இன்ன மரம், இன்ன அளவு, பச்சையாக இருந்தால் திருப்பி அனுப்புவோம் என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் தேடிக் கொண்டுவருவார்.

எனவே அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்:

“வாடகைக்கு விடும் மண்வெட்டிகளுக்குத் தகடும் காம்பும் தனித்தனியாக வாங்கப்படும். காம்பு காய்ந்த கருவேலம், வெள்வேலம் அல்லது விடத்தலையில், நேர் நாருடன், பெயின்ட் பூசாமல் இருக்க வேண்டும். மூன்று நீளங்களில் வாங்கி, உறுப்பினர் மூவர் வெட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கப்படும். வெல்டு அடித்த காம்பு வாங்கப்படாது. உடன் இரண்டு கடப்பாரையும், மாற்றுக் காம்பு ஐந்தும் வாங்கப்படும். வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் தடவும் பொறுப்பு சுழற்சி முறையில் உறுப்பினர்களுக்கு ஒப்படைக்கப்படும்.”

உங்கள் ஊர் மண்ணுக்கும் மரத்துக்கும் ஏற்றபடி இதில் வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள். கருவேலம் கிடைக்காத ஊரில் கல்மூங்கில் என்று எழுதுங்கள். “வெட்டிப் பார்த்த பிறகே பணம்” என்ற வரியை மட்டும் எந்த ஊரிலும் அடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மண்வெட்டி பிடித்துப் பழகிய உங்கள் சகோதரன்